கனநீரில் வளர்த்த படிகம்

எங்கள் தெருவில் ஆண்கள் கப்பலுக்குப் போவார்கள், பெண்கள் காத்திருப்பார்கள். திரேஸ்புரத்தில் அதுதான் வழக்கம். என் வீட்டில் மட்டும் அது தலைகீழாக நடந்தது. மனைவி விமானம் ஏறிப் போனாள், நான் வீட்டில் இருந்தேன். மீன் வாங்கப் போனால்கூட, "என்ன சார், வீட்டம்மா எப்ப லீவுக்கு வாராங்க?" என்று கேட்டுவிட்டு, கூடையைச் சுற்றி நிற்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பில் கேலி பாதி, பரிவு பாதி. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் அது புதுசு, பழகவும் இல்லை.

நானும் அவளும் ஒரே வகுப்பில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள். அவள் ஏரல்காரி. அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல். கல்லூரியில் என்னை "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அது என் அம்மாவின் காதில் விழுந்து, வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. அதிலிருந்து அம்மா எதிரில் "என்னங்க", தனியாக இருக்கும்போது "ஏலே". அவள் எந்தப் பெயரில் கூப்பிடுகிறாள் என்பதை வைத்தே அம்மா பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவள் போனதற்குக் காரணம் ஒரு ஹைட்ரஜன். கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் என் நிலைமை புரியும்.

புரதமோ மருந்தோ, எதை எடுத்தாலும் அதில் ஹைட்ரஜன் அணுக்கள் ஏராளம். பெரும்பாலானவை கார்பனோடு ஒட்டிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் கிடக்கும். ஆனால் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்த ஹைட்ரஜனின் கதை வேறு. அதனிடம் இருப்பதே ஒரே ஒரு எலெக்ட்ரான். அதையும் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. பந்தியில் தன் இலையில் இருந்த லட்டை அண்ணன் பிடுங்கிக்கொண்டதும் பக்கத்து இலையைப் பார்க்கும் பிள்ளை மாதிரி, அந்த ஹைட்ரஜன் அக்கம்பக்கத்தில் எலெக்ட்ரான் உபரியாக வைத்திருக்கும் அணுவைத் தேடிச் சாய்கிறது. சாதாரணமாகத் தன் ஆக்சிஜனை விட்டு வருவதில்லை, சாய்வதோடு சரி. தமிழ்ப் பாடப்புத்தகம் இதை முனைவுற்ற ஹைட்ரஜன் என்கிறது. வகுப்பில் நாங்கள் போலார் ஹைட்ரஜன் என்போம். தண்ணீர் ஆவியாகப் பறந்துவிடாமல் தண்ணீராக இருப்பதும், புரதம் உரிய வடிவில் மடிவதும், மருந்து புரதத்தில் தனக்கான குழியில் போய் உட்காருவதும் பெரும்பாலும் இந்தச் சாய்வினால்தான்.

கல்லூரியில் நான் இதை நடத்தும்போது ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன் ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் காதல் கவிதை எழுதிவிடுவான். மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். அணுவுக்கு ஏக்கம் கிடையாது. ஏக்கம் மனுஷனுக்கு உள்ள வியாதி.

சிக்கல் என்னவென்றால், இவ்வளவு வேலை செய்யும் அந்த ஹைட்ரஜனைப் பார்க்க முடியாது. புரதத்தைப் படிகமாக வளர்த்து அதன்மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், அது எலெக்ட்ரான்களைத்தான் பார்க்கும். இதனிடம்தான் அதுவும் பறிபோய்விட்டதே. அதனால் உலகம் முழுக்க எல்லோரும் என்ன செய்கிறோம் என்றால், கம்ப்யூட்டரில் புரதத்தைத் திறந்து, 'போலார் ஹைட்ரஜனைச் சேர்' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். மென்பொருள் தன் கணக்குப்படி ஹைட்ரஜன்களை நட்டுத் தருகிறது. நாங்கள் நம்பிக்கொண்டு மேலே போகிறோம்.

அவளுக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே ஆகாது.

"பாக்காமலே இருக்குன்னு சொல்லுததுக்கு நமக்கு எதுக்குலே இந்தப் படிப்பு?" என்பாள்.

எங்கள் இருவருக்கும் ஒரு பந்தயம்கூட இருந்தது. லைசோசைம் என்று ஒரு புரதம், கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை அறுப்பது அதன் வேலை. அறுக்கும் குழியின் ஓரத்தில் ஓர் அமிலக் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இரண்டு ஆக்சிஜன். அந்த இரண்டில் ஒன்றில் ஒரு போலார் ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்க வேண்டும். எதில் என்பதுதான் கேள்வி. நான் ஒன்றைச் சொன்னேன், அவள் மற்றதைச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது பணத்துக்கோ சமையலுக்கோ அல்ல, அந்த இரண்டு ஆக்சிஜனுக்குத்தான்.

அதைக் கண்ணால் பார்க்க ஒரே வழி நியூட்ரான். அது எலெக்ட்ரானைச் சட்டை செய்யாமல் அணுவின் கருவைப் பார்க்கும். அந்த வசதி உள்ள ஐரோப்பிய ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஓராண்டுக்கு. அந்த ஓராண்டில் நல்ல படிகமாகக் கொண்டுவந்து, ஹைட்ரஜன் தெரிகிற அளவுக்குப் படம் எடுத்துக் காட்டினால் மேலும் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நானும் கூடப் போயிருக்கலாம். அம்மாவைத் தனியாக விட முடியாது. கல்லூரி வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. இரண்டையும் பேசி, அழுது, ஒருவழியாக ஒப்புக்கொண்டோம்.

அவள் கிளம்பிய நாளில் அம்மா வீட்டைப் பெருக்கவில்லை. ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை பெருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அப்பா மாலத்தீவுக்குத் தோணியில் போய்வந்த காலத்தில், போய்ச் சேர்ந்த தகவல் வரத் தாமதமாகி வீடு குப்பைமேடாகக் கிடந்த கதைகளை அம்மா சொல்வார். இவளுக்கு மறுநாளே போன் வந்துவிட்டது. அம்மா துடைப்பத்தை எடுத்தார். குசினியில் அடுப்பு மூலையில் அவள் தலையிலிருந்து உதிர்ந்த கனகாம்பரம் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் பெருக்கினார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவர்களிடம் எல்லாம் இருந்தது, படிகம் மட்டும் சரியாக வரவில்லை. கடுகளவுப் படிகம் எக்ஸ்ரேக்குத் தாராளம். நியூட்ரானுக்கு அது இருந்தும் இல்லாததுதான். குறைந்தது ஒரு மிளகளவாவது வேண்டும், அதுவும் விரிசலில்லாமல். அவர்கள் அவசரப்பட்டு வளர்த்தார்கள், அவை வெடித்தன. எனக்கோ மெதுவாக வளர்ப்பது கைவந்த காரியம். கல்லூரியில் என் படிகங்களைப் பார்த்து மற்றவர்கள், "ஓய், இது வளர்றதுக்குள்ள நாம ரிட்டயர்டு ஆயிருவோம்" என்று கேலி செய்வார்கள்.

"நீ வளத்துக் குடு. நான் வந்து கையில எடுத்துட்டுப் போறேன்," என்றாள் போனில்.

கூரியரில் போட்டால் குலுங்கி உடைந்துவிடும். ஆள்தான் வந்து எடுத்துப்போக வேண்டும். அவள் வருவாள் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. வேறெதையும் யோசிக்காமல் சரி என்றேன்.

கல்லூரியில் வளர்க்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கட்டடத்தையே உதறும். வீட்டுப் படுக்கையறைதான் சரிப்பட்டது. தெர்மோகோல் பெட்டிக்குள் கண்ணாடிக் குப்பிகளை வைத்து, பெட்டியைக் கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்துக்குக் கீழே தள்ளினேன். தரையோடு தரையாக இருந்தால் ஆட்டம் குறைவு. அறை எப்போதும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்பதால் ஏசி பகலும் ஓடியது. எனக்கு ஏசி காற்று ஆகாது. படிகத்தை ஏசியில் படுக்கவைத்துவிட்டு நான் வெளியே மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். படிகம் வளரத் தேவையானது முட்டைப் புரதமும் உப்பும்தான். ஊரைச் சுற்றி அளங்களில் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்க, நான் ஆய்வக உப்பை பாட்டிலில் காசு கொடுத்து வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

படிகம் மிளகளவு வந்த பிறகுதான் முக்கியமான வேலை. சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரான் படத்தை மங்கலாக்கிவிடும். அதற்குப் பதில் அதன் கனமான சகோதரனான டியூட்டீரியத்தை உள்ளே ஏற்ற வேண்டும். வழி எளிது. படிகத்தைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு அதே அளவு கனநீரை, அதாவது டியூட்டீரியத்தால் ஆன தண்ணீரை, விட வேண்டும். கார்பனோடு இருக்கும் ஹைட்ரஜன்கள் அசையாது. போலார் ஹைட்ரஜன்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகும், அவற்றின் இடத்தில் டியூட்டீரியம் வந்து உட்காரும். எது சாய்ந்து பழகியதோ அதுதான் கிளம்பியும் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கதவு ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, சிரிஞ்சை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுப்பேன். மூடியை நெடுநேரம் திறந்துவைக்கக் கூடாது. எங்கள் ஊர்க் கடல்காற்றில் உள்ள ஈரம் கனநீரில் கலந்தால், வெளியே அனுப்பிய ஹைட்ரஜன் திரும்பவும் உள்ளே வந்துவிடும். போனதெல்லாம் திரும்பி வருவதற்குத் துளி ஈரம் போதும் என்ற நிலையில், அதைத் தடுக்கும் வேலையை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

அம்மா ஒருநாள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்ததும் கேட்டார்.

"இது நல்லா வந்தா அவ அங்கனயே இருந்துருவா, அப்படித்தான?"

"ஆமா."

"வெளங்காமப் போச்சின்னா?"

"வந்துருவா."

"அப்ப எதுக்குலே இதுக்குப் போயி இந்தப் பாடு படுத?"

அம்மாவுக்கு விஞ்ஞானம் தெரியாது, ஆனால் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. குப்பியின் மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும். ஏசியை ஒரு மதியம் அணைத்து வைத்தால் போதும். யாருக்கும் தெரியாது, யாரும் குறைசொல்ல மாட்டார்கள். படிகம் கெடுவது உலகத்தில் நடக்காத விஷயமல்ல. இவையெல்லாம் எனக்கு அம்மா கேட்பதற்கு முன்பே தோன்றியிருந்தன. அவள் எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது உள்ளே அவள் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கெட்டுப்போன படிகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஊருக்கு வந்தால், வருகிறவள் அவளாக இருக்க மாட்டாள் என்று பயந்தேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்ததிலிருந்து கொட்டி, தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்காது. மழைக்குச் சாத்திக் கிடந்த அறை மதியத்துக்குள் புழுங்கத் தொடங்கிவிட்டது. லைசோசைம் படிகம் சூட்டில் கரையும். பல மாத வேலை, தண்ணீரோடு தண்ணீராகிவிடும்.

அப்போது நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு நடந்தேன். மழைக்குப் படகுகள் கடலுக்குப் போகாததால் பார் பாராக ஐஸ் அடுக்கிக் கிடந்தது. "யாருக்கு சார் மீனு?" என்று கேட்ட அண்ணாச்சியிடம், "மீனுக்கு இல்ல, முட்டைக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோணியில் ஒரு பாரைச் சுற்றித் தோளில் ஏற்றிவிட்டார்.

ஐஸைப் படிகத்துக்கு நேரே காட்டக் கூடாது, வெடித்துவிடும். பெட்டியைச் சுற்றி ஒரு பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துத் துண்டு துண்டாகப் போட வேண்டும். பாரை உடைக்க ஆளில்லாமல் நான் திணறுவதைப் பார்த்து அம்மா குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ அந்தக் குச்சியப் பாரு. நான் ஒடச்சித் தாரேன்."

"இதுக்குப் போயி எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டீங்களே?"

"அது வேற. இப்ப நீ நிக்க நிலயப் பாத்துட்டுச் சும்மா இருக்கவா சொல்லுத?" ஓங்கி ஒரு போடு போட்டார். ஐஸ் அறை முழுக்கச் சிதறியது. "ரெண்டும் ஒரே கிறுக்குப் பய புள்ளய."

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. படிகத்தின் ஓரங்கள் லேசாக மழுங்கியிருந்தன. விரிசல் இல்லை. அம்மாவுக்கு முன்னாலேயே நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுவதாக அவர் நினைத்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் வந்தாள், மிகச் சில நாட்களுக்கு. வந்ததும் வராததுமாகப் பெட்டியை வாசலில் போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடி, கட்டிலுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டாள். இத்தனை மாதமாகக் காத்திருந்த மனுஷன் பக்கத்தில் நிற்கிறான், அவளோ தரையில் படுத்துக் குப்பியோடு கொஞ்சுகிறாள். எனக்குச் சரியான கோபம்.

"ஏளா, நானும் இங்கனதான் இருக்கேன்," என்றேன்.

அவள் தலையை வெளியே எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "எப்படிலே இத வளத்த?" என்றாள். அம்மா ஹாலில்தான் இருந்தார், அவர் காதில் விழுந்திருக்கும். அன்றைக்கு யாரும் கோபப்படவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் படிகத்தைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் ஏற்றினோம். சாப்பாட்டு மேசையில், விசிறி இல்லாமல், இருவரும் வியர்த்து வழிய. நான் குழாயைப் பிடித்தேன், அவள் சிரிஞ்சால் படிகத்தை மிதக்கவிட்டு உள்ளே இழுத்தாள். எங்கள் இரண்டு நெற்றியும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. அவள் மூச்சை அடக்கியிருந்தாள், நானும்தான். மெழுகு வைத்து வாயை அடைத்த பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் தலையை விலக்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். இரண்டு பேருமே சொல்லவில்லை. அந்த நிமிஷத்தை இப்போதும் பல நாள் சும்மா உட்கார்ந்து நினைத்துக்கொள்கிறேன்.

அவள் போனாள். அம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. மறுநாள் போன் வந்தது, படிகமும் பத்திரம்.

பிறகு நியூட்ரானுக்கு முறை வந்து, படம் எடுத்து, கணக்குப் போட்டு முடிக்கச் சில மாதங்கள் ஆயின. ஒரு சாயங்காலம் நான் படகுத்துறைப் பக்கம் மீனுக்கு நின்றபோது வீடியோ அழைப்பு வந்தது. திரையில் அவள் முகம் இல்லை, படம்தான் இருந்தது. நீல வலைப்பின்னலில் அமிலக் கிளை, நுனியில் இரண்டு ஆக்சிஜன். அதில் ஒன்றின்மேல் தெளிவாக ஒரு மொட்டு. குழிக்குள் சர்க்கரை வந்து உட்காரும் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பொத்தானை அழுத்தி நட்டது அல்ல. அது அங்கே இருந்தது, நான் பார்த்தேன்.

"நீ சொன்ன பக்கம் இல்லலே. நான் சொன்ன பக்கம்தான்."

"சரி தாயே, தோத்துட்டேன்," என்றேன். மீன்கூடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

படம் மறைந்து அவள் முகம் வந்தது.

"இன்னும் ரெண்டு வருஷம் தாராங்க."

"தருவாங்கல்லா. இப்படி ஒரு படம் எடுத்தா தராம இருப்பாங்களா?"

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே? பிளைட்டுல மடியில வச்சிட்டு வந்தேன்லா. வழி நெடுக, அந்தக் குழாய்ல ஒரு விரிசல் விழுந்துறாதான்னு பாத்துட்டே வந்தேன். விழுந்தா நான் ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம். பேசாம வீட்டுக்கு வந்துரலாம்னு."

என் கையில் பை இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வந்துவிடுவாள், அது நன்றாகத் தெரிந்தது, அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"அடுத்ததுக்கு எவ்வளவு பெரிய படிகம் வேணும்?" என்று கேட்டேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சின்னதே போதும்லே. அதுன்னா சீக்கிரம் வளந்துரும், நானும் சீக்கிரம் எடுக்க வந்துருவேன்."

"சரி," என்றேன். சின்னப் படிகம் அந்தக் கருவிக்கு எதற்கும் ஆகாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.